வழிவிட்ட பந்தயக் கார்

முதல் தடவை அந்தக் கார் ஒதுங்கி வழிவிட்டதைப் பார்த்தபோது மெஷின்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். திரையில் சிவப்பு நிறத்தில் ஒரு பந்தயக் கார். உடம்பெல்லாம் விளம்பரம் ஒட்டியது, நிஜத்தில் இருக்கிற ஓட்டுநர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. பின்னால் இன்னொரு கார் சீறிக்கொண்டு வருகிறது. பந்தயம் என்றால் குறுக்கே போய் மறிக்க வேண்டாமா? இது என்ன செய்தது தெரியுமா? இடது பக்கத்துச் சக்கரங்கள் இரண்டையும் தாரை விட்டுப் புல்லில் இறக்கி, வேகத்தைக் குறைத்து, நீங்க போங்க என்று சொல்லாத குறையாக ஒதுங்கிக்கொண்டது. அவன் போனான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் போனான். எல்லோரும் போய் முடிந்த பிறகு மெல்லத் தாருக்கு ஏறி, கல்யாண வீட்டுக்குப் போகிற வண்டி மாதிரி நிதானமாகக் கடைசியில் போனது. ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் என் அத்தான், அதாவது கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்காரர். ஏன் அத்தான் ஒதுங்குதீங்க என்று கேட்டேன். பின்னால் வண்டி வந்தது என்றார்.

அப்போது நான் டிகிரி முடித்துவிட்டு, மாப்பிள்ளை பார்க்கிறோம் என்ற பெயரில் கோவில்பட்டியில் வீட்டோடு உட்கார வைக்கப்பட்டிருந்தேன். அப்பாவின் எஸ்.டி.டி. பூத் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தது. கைக்குக் கை போன் வர ஆரம்பித்து பூத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்ததால், அந்த அறையிலேயே இரண்டு டிவியைப் போட்டு நான் வீடியோ கேம் கடை திறந்தேன். ஒரு பொம்பளைப் பிள்ளை இந்தக் கடையை நடத்துவதா என்று தெரு முழுக்க முணுமுணுத்தது. முணுமுணுத்த வீட்டுப் பையன்கள்தான் பள்ளிக்கூடம் விட்டதும் முதலில் வந்து நின்றார்கள். சண்டை விளையாட்டுக்கும் கால்பந்துக்கும்தான் அடிதடி. இந்தக் கார் பந்தயத்தை எவனும் தொட மாட்டான். உலகத்துப் பெரிய பந்தயத்தை நடத்துகிறவர்களிடமே உரிமம் வாங்கிச் செய்தது என்று அட்டையில் போட்டிருந்தது. என் கையில் இருந்தது சென்னையிலிருந்து வந்த திருட்டு நகல் என்பது வேறு விஷயம். ஆனால் உள்ளே எல்லாம் அசல்தான். அசல் ஓட்டுநர்கள், அசல் கார்கள், வளைவுக்கு வளைவு அசல் மாதிரியே தடங்கள். டயர் தேயும், பெட்ரோல் தீரும், வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால் கார் பம்பரமாய்ச் சுற்றும். விளையாட வந்த இடத்தில் எதற்கு இவ்வளவு கஷ்டம் என்று பையன்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். அத்தான் வந்த பிறகுதான் அந்த சிடிக்கு வேலை வந்தது.

அவர் நிஜத்தில் டிரைவர். எங்கள் ஊர்ப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அப்படி ஒரு ஆபீசுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கருக்கலில் கிளம்பி, எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டு விடுவது அவர் வேலை. அந்தக் காலத்தில் கிராமத்துத் தார் ரோடெல்லாம் ஒரு வண்டி அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஆளுக்குக் கொஞ்சமாய் இடது சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் கடக்க வேண்டும். வருவது பாரம் ஏற்றிய பெரிய வண்டி என்றால் சின்ன வண்டிக்காரன்தான் முழுசாக இறக்க வேண்டும். இதை எந்த லைசென்சு பரீட்சையிலும் கேட்க மாட்டார்கள். ஆனால் இறக்காமல் வீம்பு பிடிக்கிறவனுக்கு டீக்கடையில் மரியாதை இருக்காது. அத்தானுக்கு அந்த விஷயத்தில் நல்ல பெயர். ஹாரன் சத்தம் கேட்பதற்கு முன்பே இறக்கிவிடுவார் என்பார்கள்.

அந்த நல்ல பெயர்தான் அவரைக் கவிழ்த்தது. ஒரு கோடை மழை, முந்தின நாள் சாயங்காலம் பிடித்தது, விடிவதற்கு முந்தின இருட்டிலும் விட்டபாடில்லை. வேன் நிறையப் பெண்கள். எதிரே கரி மூட்டை ஏற்றிய லாரி. விளாத்திகுளம் பக்கத்துக் கரிதான், வேலிக்கருவை மரத்தை மண் மூட்டம் போட்டு எரித்து, சாக்கில் கட்டி மலை மாதிரி அடுக்கிக்கொண்டு வருவார்கள். அத்தான் எப்போதும்போல இறக்கினார். கரிசல் மண் காய்ந்து கிடக்கும்போது சிமெண்டு மாதிரி நிற்கும், நனைந்தால் காலில் கிடக்கிற செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். இறங்கின சக்கரம் இறங்கிக்கொண்டே போய், வேன் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. லாரி நிற்காமல் போய்விட்டது. யாருடைய லாரி, எந்த ஊர் லாரி, ஒரு தகவலும் கடைசிவரை கிடைக்கவில்லை. சாமி புண்ணியத்தில் உயிர்ப்பலி இல்லை. பலருக்கும் காயம். பெரிய அடி பட்டது ஒரே ஒருத்திக்குத்தான், அது அத்தானின் சொந்தத் தங்கச்சிக்கு. இடது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளின் கை வேனுக்கும் மண்ணுக்கும் நடுவில் மாட்டி, மூன்று விரல்கள் மடங்காமலே போய்விட்டன. ஆபீசில் தீக்குச்சியை மரச்சட்டத்தில் அடுக்குவதற்கு இரண்டு கையும் வேண்டும். வேலை போனது. பேசி வைத்திருந்த சம்பந்தமும் சத்தமில்லாமல் கழன்றுகொண்டது.

ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. ஈர மண்ணில் எவனாவது இறக்குவானா என்றது ஒரு பாதி. இறக்காமல் கரி லாரியில் மோதச் சொல்கிறாயா என்றது மறுபாதி. வேனைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டார்கள், அத்தான் தொடவில்லை. சைக்கிளைக்கூட உருட்டிக்கொண்டுதான் நடந்தார். அதைவிட மோசம், அவர் தங்கச்சி இருக்கிற தன் ஊருக்குப் போவதையே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் தங்கச்சி கட்டுப் போட்டுக் கிடந்தபோது கடம்பூர் போளி வாங்கி அக்காவிடம் கொடுத்தனுப்பினார், தான் மட்டும் படியேறவில்லை. இதென்ன மனுஷர் என்று எனக்கு அப்போது பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை போய்க் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் காலையில் என் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். பையன்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். பொழுது போகட்டுமே என்று நான்தான் அந்த சிடியைப் போட்டுக் கொடுத்தேன். எடுத்த எடுப்பில் அவர் கேட்டது, ஹாரன் எந்தப் பொத்தான் என்று. ஹாரன் கிடையாது அத்தான் என்றேன். ஹாரன் இல்லாமல் எப்படி வண்டியை ரோட்டில் விடுகிறான் என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். திரையின் மேலே சின்னதாய் ஒரு கண்ணாடி காட்டும், பின்னால் வருகிறவன் அதில் தெரிவான். எல்லோரும் முன்னால் பார்த்து ஓட்டுவார்கள், இவர் கண்ணாடியைப் பார்த்தே ஓட்டினார். அதில் ஒரு புள்ளி தெரிந்தாலே போதும், இடது கட்டைவிரல் தானாக அமுங்கும், கார் புல்லுக்கு இறங்கிவிடும். அரைநாள் பள்ளிக்கூடம் விட்ட ஒரு நாளில் பையன்கள் இதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான். ஆனால் சிரித்து முடித்த பிறகு அவர் முகத்தைப் பார்த்தால் என்னவோ செய்யும். விளையாடுகிறவர் முகமாக அது இல்லை.

சில நாளில் அவர் வழிவிடுவதை நிறுத்தினார். பரவாயில்லை, தேறிவிட்டார் என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் குழப்பமே ஆரம்பித்தது. பந்தயம் தொடங்கியதும் எல்லாக் கார்களையும் போகவிடுவார். பிறகு தன் காரை அப்படியே திருப்பி, வந்த திசைக்கே ஓட்டுவார். தப்பான திசை, தப்பான திசை என்று திரையில் எழுத்து மின்னும். கறுப்புக் கொடி காட்டி ஆட்டத்தை விட்டே வெளியேற்றும். அவர் சளைக்காமல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார், மறுபடியும் திருப்புவார். அந்த விளையாட்டில் வெயிலா மழையா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். வெயில் இருக்க, தினமும் மழையைத்தான் எடுத்தார். மழையில் ஒன்றும் தெரியாது, ஒரு சுற்று முடித்து எதிரே வருகிற கார்கள் வெள்ளைப் புகையாய்த் தண்ணீரைக் கிளப்பிக்கொண்டு வரும். இவர் அதற்குள் போவார். ஒரு தடவை இடது சக்கரத்தைப் புல்லில் இறக்குவார், கார் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரில் இடிக்கும். மறு தடவை இறக்காமல் தாரிலேயே நேராகப் போவார். சில தடவை எதிரே வந்தவன் விலகிப் போனான். சில தடவை விலகாமல் வந்து மோதினான். எப்போது விலகுவான், எப்போது மோதுவான் என்பதில் ஒரு ஒழுங்கும் இல்லை.

எனக்கு விளங்குவதற்குச் சில நாள் பிடித்தது. மனுஷர் பந்தயம் ஓட்டவே இல்லை. அந்த விடிகாலை ரோட்டில்தான் நின்றுகொண்டிருக்கிறார். நாம் இறக்காமல் இருந்திருந்தால் அவன் இறக்கியிருப்பானா? இந்த ஒரு கேள்வியைக் கேட்க அவருக்கு அந்த லாரிக்காரன் கிடைக்கவில்லை. அதனால் வெளிநாட்டு ஓட்டுநர்களைப் பிடித்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர்களும் ஒரு தடவை ஆமாம் என்கிறார்கள், ஒரு தடவை இல்லை என்கிறார்கள். சிடியை எங்காவது ஒளித்து வைத்துவிடலாமா என்று யோசித்தேன். ஒளித்து வைத்தால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவர் வேறு எங்கே போவார் என்றும் யோசித்தேன். எதைச் செய்தால் நல்லது என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. அது கார் அத்தான், வேன் இல்லை, அந்த ரோடு வேற இந்த ரோடு வேற என்று ஒரு நாள் துணிந்து சொல்லிப் பார்த்தேன். மழை ஒண்ணுதானே பிள்ள என்றார், கண்ணைத் திரையை விட்டு எடுக்காமலே.

அக்காவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது முதலாளி சொல்லி அனுப்பிய செய்திதான். ஐப்பசி பிறந்து மழைக்காலம் தொடங்குவதற்குள் வந்து வேனை எடுத்தால் வேலை உண்டு, இல்லையென்றால் வேறு டிரைவரைப் போட்டுவிடுவார்கள். ஆபீஸ் வீட்டிலேயே குடியிருந்ததால் வேலை போனால் வீடும் போகும். அவள் என் கடை வாசலில் வந்து நின்று, அவருக்குக் கேட்கும்படியாகவே என்னிடம் சொன்னாள். "ஊர்ல உள்ள ஆம்பளைக எல்லாம் ரோட்டுல வண்டி ஓட்டுதாக. இவிய டிவியில ஓட்டுதாக. நீயும் போட்டுக் குடுத்துக்கிட்டே இரு." அத்தான் ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் மேல் கோபப்படுவதா, அவர் மேல் கோபப்படுவதா என்று தெரியாமல் நான் அன்றைக்கு விளையாட வந்த பையன்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

புரட்டாசி முடிகிற சமயம், அத்தானின் தங்கச்சி கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தவள் நேராக என் கடைக்கு வந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், மதினி என்று கூப்பிடுவேன். பூத்தில் பேச வந்திருக்கிறாள் போல என்று முதலில் நினைத்தேன். அவள் போன் பக்கமே போகவில்லை. அத்தான் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து திரையில் மூழ்கிக் கிடந்தார், அவள் வந்தது அவருக்குத் தெரியாது. என்ன செய்யுதாக என்று என்னிடம் சைகையில் கேட்டாள். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவள் என் பக்கத்தில் நின்று பார்க்க ஆரம்பித்தாள். திரையில் மழை. அத்தான் காரைத் திருப்பினார். எதிரே புகையைக் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். இறக்கினார், கார் சுற்றிப் போய் இடித்தது. மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தடவை இறக்கவில்லை, எதிரே வந்த கார் நேராக மோதிச் சக்கரம் பிய்ந்து பறந்தது. எனக்குப் புரிய அத்தனை நாள் பிடித்ததை அவள் அந்த இரண்டே ஆட்டத்தில் புரிந்துகொண்டாள் என்பது அவள் மூச்சு மாறியதில் தெரிந்தது.

"அண்ணே" என்றாள்.

அத்தானின் கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பவில்லை. திரையில் கார்கள் பாட்டுக்கு விர் விர்ரென்று கடந்து போய்க்கொண்டிருந்தன.

"அந்த லாரியில மூட்டை மேல ரெண்டு ஆளு உக்காந்திருந்துச்சுல்லா. இந்தக் காருக மேல யாரையும் காணோமே" என்றாள். சண்டைக்கு நிற்கிற குரலும் இல்லை, அழுகிற குரலும் இல்லை, சமையலில் உப்பு விட்டுப்போனதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவளே தொடர்ந்தாள். "அவன் எறக்கியிருந்தா லாரி கவுந்திருக்கும். அந்த உசரத்துலேர்ந்து விழுந்தா அவிய ரெண்டு பேரும் மூட்டைக்கு அடியிலதான். நீ எறக்குனதால நாம எல்லாரும் இருக்கோம், அவியளும் இருக்காவ. விரலு தானண்ணே போச்சு."

அத்தான் அப்போதுதான் திரும்பினார். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கையைப் பார்த்தார். வலிக்குதா என்று கேட்டார். மழை பெய்தால் வலிக்கும் என்றாள் அவள். ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தவர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தோள் குலுங்கியது. நான் பூத்துக்குள் போய், வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? திரும்பி வந்தபோது அண்ணனும் தங்கச்சியும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அத்தான் அவளுடைய ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அன்றைக்கு அவர் தன் ஊருக்கே போய்விட்டு மறுநாள்தான் வந்தார் என்று அக்கா சொன்னாள்.

ஐப்பசி பிறக்கும் முன்பே வேனை எடுத்துவிட்டார். மழை நாளில் மட்டும் அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. எதிரே வண்டி தெரிந்தால் தாரிலேயே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய் அந்த டிரைவரிடம் பேசுவார். பாலம் எங்கே, கல் பாவிய இடம் எங்கே, யார் வண்டியைப் பின்னுக்கு எடுப்பது என்று பேசித் தீர்த்த பிறகுதான் இரண்டு வண்டியும் நகரும். ஆபீசுக்குத் தினமும் நேரமாகிறது என்று முதலாளி பல்லைக் கடித்தாராம். வேனில் வந்த பெண்கள் ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லையாம். மதினிக்கும் அப்புறம் நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அத்தான் அந்த விளையாட்டை மறுபடி தொடவே இல்லை. கடைப் பக்கம் வந்தால் டீ குடித்துவிட்டுப் போவார், திரைப் பக்கம் கண்ணே போகாது. எனக்கும் மாப்பிள்ளை அமைந்து, கடையை மூடிவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்த கதை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மழை நாளில் இங்கே வீட்டு வாசலில் நிற்கும்போது பாரம் ஏற்றிய லாரி ஒன்று தெருமுனையில் ஊர்ந்து போனது. மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். லோடு இறக்குகிற ஆட்கள் அத்தனை பேரும் டிரைவர் பக்கத்தில் ஒருத்தர் மடியில் ஒருத்தராக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சட்டென்று உறைத்தது. இரவெல்லாம் மழை பெய்த விடிகாலையில் கரி மூட்டை மேல் எவன் உட்கார்ந்திருப்பான்? கரி நனைந்தால் காசாகுமா, தார்ப்பாய் கட்டாமலா வந்திருப்பார்கள்? அதுவும் இருட்டு. லாரியின் முன்விளக்கு கண்ணைக் கூச வைக்கிற நேரத்தில் இடது ஜன்னலோரம் இருந்தவளுக்கு லாரியின் உச்சி எப்படித் தெரிந்தது? ஒருவேளை தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருந்தார்களோ? மின்னல் வெட்டியதில் தெரிந்ததோ? இல்லை, என் கடையில் அண்ணன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் மதினி அந்த இரண்டு பேரையும் தானே ஏற்றி உட்கார வைத்துவிட்டாளோ? அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் எதையோ உடைத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. கேட்காமல் மனசும் ஆறவில்லை. இப்படியே வருஷங்கள் போயின.

போன மாசம் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு எப்போதும்வென்றான் வழியாக வந்தோம். தன் மகனுடைய காரை அத்தானே ஓட்டினார், நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ரோட்டை இப்போது நன்றாக அகலப்படுத்திவிட்டார்கள், யாரும் யாருக்கும் இறக்க வேண்டியதில்லை. அவருக்கு முடியெல்லாம் நரைத்துவிட்டது. பின் சீட்டில் அக்கா தூங்கிவிட்டதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு லாரி மேல் நிஜமாகவே ஆள் இருந்ததா அத்தான் என்று கேட்டேன். எதற்கு இத்தனை வருஷம் கழித்து என்று அவர் கேட்கவில்லை.

"லைட்டு கண்ணுல அடிச்சுச்சு பிள்ள. எனக்கு லாரியே சரியாத் தெரியல" என்றார்.

பின்னே மதினி சொன்னது என்றேன்.

"கை போனது அவளுக்கு. அவளே ஆளு இருந்துச்சுன்னு சொல்லும்போது, இல்லைன்னு சொல்ல நான் யாரு?"